லாபு ஸ்டேஷனில் ஊற்றிய தண்ணீர்

லாபு தோட்டம்,
ஜூலை 1943.

சயாமில் ரயில் பாதை போடப் போயிருக்கும் செல்லத்தின் அப்பாவுக்கு, நீலாவதி வணங்கி எழுதுவது. நானும் மகளும் சுகம். தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணி இராஜரத்தினத்தின் மைத்துனர் உங்கள் பக்கம் மருந்துக்காரராகப் போகிறார். இதை மடியில் வைத்துக் கொண்டுவருவதாகச் சொன்னார்.

அரிசி கிடையாது, மரவள்ளிதான். செல்லம் அதையும் உங்களைப் போலவே குறை சொல்லிக்கொண்டு தின்கிறாள்.

நம் லயத்து வீடுகளில் வளர்த்த பன்றிகளையெல்லாம் ஜப்பான்காரன் கேட்டுவிட்டான், கெமாஸ் பட்டாளத்துச் சமையலுக்கு. போன மாதம் காலைக் கட்டி, ஒன்றின்மேல் ஒன்றாகக் கூட்ஸ் வண்டியில் அடைத்தார்கள். வெக்கையில் பாதி செத்துப்போயின. என் தம்பி மணியம்தான் அவற்றை ஏற்றியவன். இன்னொரு தடவை செத்தால் அவனையும் சயாமுக்கு ஏற்றிவிடுவேன் என்று வேலை வாங்கும் மண்டோர் சன்னாசி சொல்லிவிட்டான்.

இந்தத் தடவை ஏற்றும்போது பக்கத்து வீட்டு முத்தாயி அக்கா பிடிவாதம் பிடித்தாள். வெட்டுக்குப் போகிற உயிராம். முனியாண்டிக்குக் கிடா வெட்டும்போது செய்வதுபோலத் தலையில் தண்ணீர் ஊற்றி, அது தலையை ஆட்டிச் சம்மதம் சொன்ன பிறகுதான் அனுப்ப வேண்டுமாம். கட்டிப் போட்டால் எப்படித் தலையை ஆட்டும்? கயிற்றை அவிழ்த்தோம். நீங்கள் ஏறினீர்களே, அதே மாதிரி இரும்புப் பெட்டி. ஊற்ற இடமில்லை என்று நான் சண்டை போட்டு, பாதியை அடுத்த பெட்டிக்கு மாற்ற வைத்தேன். வாளி வாளியாக ஊற்றினோம். நம் வீட்டுப் பன்றி கரிச்சி மட்டும் தலையை ஆட்டவே இல்லை. அதற்காகவே இன்னும் ஊற்றியதில் பெட்டியெல்லாம் வெள்ளம். சன்னாசி தலையில் அடித்துக்கொண்டான்.

கெமாஸ் போய்ச் சேரும்வரை ஒன்றுகூடச் சாகவில்லை! பன்றி எடுக்கும் சீன முதலாளி தவுக்கே நேரில் வந்து, "இனிமே எப்பவும் தண்ணி ஊத்துலா, கட்ட வேணாம்லா" என்றார். பயந்த பன்றியின் கறி நன்றாக இராதாம். அதனால் மற்றவை பார்க்காமல், தனியே கொண்டுபோய் ஒரே வெட்டில் முடிக்கச் சொல்லியிருக்கிறாராம். கரிச்சி சினை என்று தெரிந்து திருப்பி அனுப்பிவிட்டார். சம்மதிக்காதது வீடு வந்துவிட்டது பார் என்று முத்தாயி அக்காவுக்கு ஒரே பெருமை. மணியமும் இங்கேயே இருக்கிறான்.

இப்போது ஆள் ஏற்றிப் போகிற வண்டி ஸ்டேஷனில் நின்றாலும் வாளியோடு ஓடுகிறோம். பன்றிக்கு ஊற்றலாம், மனுஷனுக்கு ஊற்றக் கூடாதா என்று கேட்டோம். ரயில் கார்டு கதவைத் திறந்துவிடுகிறார். நீங்கள் போன அன்று திறக்க ஆளில்லை.

அங்கே நல்ல தண்ணீர் கிடைக்கிறதா? கிடைத்தால் வயிறு நிறையக் குடியுங்கள். ஆனால் யார் உங்கள் தலையில் ஊற்றினாலும் ஆட்டிவிடாதீர்கள். எனக்காக அசையாமல் இருங்கள். முனியாண்டி துணையிருப்பார். வீட்டுக்கு வந்துவிடுங்கள்.

உங்கள்
நீலாவதி