ரேடியோவில் உங்கள் பேர் வாசித்த நாள்

அக்கா,

தூக்கம் சரியாக வருவதில்லை என்று சொன்னதற்கு, ஜாதிக்காயைப் பாலில் உரசிக் குடித்துப் பாருங்கள் என்றாள் பக்கத்து வீட்டுக்காரி. கீரனூர் கடைவீதியில் வாங்கி வந்தேன். கடைக்காரர் கொடுத்தது காய்ந்து வற்றிய கொட்டை. அதைக் கல்லில் இழைத்ததும் எழுந்த வாசனையில் தூக்கம் வரவில்லை, நீங்கள்தான் வந்தீர்கள். உங்கள் வீட்டுக்குப் பின்னால் சரிவில் நின்ற ஜாதிமரங்கள், மழை பெய்த மறுநாள் வெடித்துக் கிடக்கும் பழங்கள், கொட்டையைச் சுற்றியிருக்கும் சிவப்புப் பத்திரி, அதைக் குனிந்து பொறுக்கிக்கொண்டே பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளைத் திட்டும் உங்கள் குரல். பால் ஆறி ஏடு கட்டும்வரை அடுப்படியில் நின்றிருந்தேன். பிறகு குடிக்காமலே கொட்டிவிட்டேன்.

இப்போதெல்லாம் இப்படித்தான். ஒரு வேலையைத் தொடங்குவேன், பாதியில் விட்டுவிடுவேன். திருச்சிக்கென்று பஸ் ஏறி, மாத்தூரில் இறங்கி, எதிர்த்த வண்டியில் திரும்பி வந்திருக்கிறேன். ஓர் இடத்தில் இருக்க மாட்டாயா என்று வீட்டுக்காரர் கேட்கிறார். முடியவில்லை. உங்களிடம் சொல்லவேண்டியது ஒன்று பாக்கி இருக்கிறது. அதைச் சொல்லிவிட்டால் மனசு கொஞ்சம் நிலைகொள்ளுமோ என்னவோ, எழுதிப் பார்க்கிறேன்.

நாம் முதலில் பார்த்துக்கொண்டது உங்களுக்கு மறந்திருக்காது. ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தீர்களே. கரீபியன் கடலில் ஒரு துண்டு நிலம், நம் இலுப்பூர் தாலுகாவைவிடச் சிறிது. அங்கே அரசு ஆஸ்பத்திரிக்கு நர்ஸாகப் போன புதிது. காலையில் மினி பஸ் வந்து நின்றது. உள்ளே ஒரு சீட்டுதான் காலி. எனக்கு முன்னால் நாலைந்து பேர் நின்றார்கள். நம் பஸ் ஸ்டாண்டில் பழகிய கை சும்மா இருக்குமா? ஜன்னல் வழியாக ஹேண்ட்பேக்கை உள்ளே போட்டு சீட்டைப் பிடித்துவிட்டு, இடித்துக்கொண்டு ஏறி உட்கார்ந்தேன். பஸ்ஸில் ஒரு சத்தமும் இல்லை. டிரைவர் வண்டியை எடுக்காமல் கண்ணாடியில் என்னையே பார்த்தார். அப்போதுதான் கடைசி சீட்டிலிருந்து, கேட்கவே கேட்காது என்று நான் முடிவு கட்டியிருந்த பாஷையில் உங்கள் குரல் வந்தது.

“எந்த ஊரு நீ? கீரனூர் பஸ் ஸ்டாண்டுல திருச்சி வண்டி புடிக்கிறவ மாதிரியே ஏறுற. எல்லாருக்கும் குட் மார்னிங் சொல்லு. சொன்னாத்தான் வண்டிய எடுப்பாரு.”

“கீரனூரேதாங்க” என்றேன். அழுகை முட்டிக்கொண்டு வந்தது. எழுந்து நின்று குட் மார்னிங் சொன்னேன். பஸ் மொத்தமும் ஒரே குரலில் திருப்பிச் சொன்னது. டிரைவர் தலையாட்டிவிட்டு கியரைப் போட்டார். அவர்தான் ரூபன். பேரைக் கேட்டு, நம் பக்கத்து ஆளாக இருக்குமோ என்று நான் ஒரு கணம் ஏமாந்தது உண்மை.

திருமயத்துக்கு அருகே ஒரு கிராமத்து வியாபாரக் குடும்பத்துப் பெண் நீங்கள் என்று பேச்சிலேயே தெரிந்தது. எங்கள் பக்கத்தில் உங்கள் வீட்டுப் பெண்களை, சின்ன வயதானாலும் ஆச்சி என்றுதான் மரியாதையாகக் கூப்பிடுவோம். நானும் கூப்பிட்டேன். “ஆச்சியெல்லாம் ஊர்ல விட்டுட்டு வந்துட்டேன். அக்கான்னு கூப்புடு” என்றீர்கள். கலியாணமான கொஞ்ச நாளிலேயே கணவர் வீட்டைவிட்டு வெளியேறியவர், திரும்பிப் போகச் சொன்ன பிறந்த வீட்டையும் விட்டு வந்தவர் என்பதெல்லாம் பிறகு தெரிந்தது. கணக்கு டீச்சர் வேலை உங்களை அந்தத் தீவு வரை கொண்டுபோய்ச் சேர்த்திருந்தது. ஊரில் ஒரே தம்பி. இடுப்பில் தூக்கி வளர்த்த தம்பி. அவர் பேசுவதை நிறுத்தி வருடக்கணக்காகிவிட்டது.

அந்தத் தீவில் எதற்கும் கப்பல் வரவேண்டும். கப்பல் தாமதமானால் வெங்காயம் கிடைக்காது, நமக்கு மூஞ்சி தொங்கிவிடும். ரோட்டோரம் புளியமரம் காய்த்துத் தொங்கும். அந்த ஊர்க்காரர்கள் புளியில் சீனி போட்டு உருட்டித் தின்பார்கள். நாம் குழம்பு வைப்பதை வேடிக்கை பார்ப்பார்கள். உங்கள் குழம்பின் காரத்துக்கும் கோபத்துக்கும் சேர்த்துப் பிள்ளைகள் உங்களுக்கு ‘மிஸ் பெப்பர்’ என்று பட்டம் வைத்தார்கள். அங்கே எல்லாருக்கும் ஒரு பட்டம் உண்டு. சொந்தப் பேர் பலருக்கு மறந்தே போயிருக்கும். சாயங்காலங்களில் நீங்கள் விறுவிறுவென்று நடப்பீர்கள், நான் பின்னாலேயே ஓடுவேன். “எம்புட்டுக் கோவமா நடந்தாலும் கொஞ்ச நேரத்துல கடல் வந்து மறிச்சிருது” என்று அலுத்துக்கொள்வீர்கள். நமக்கு இரண்டு பேருக்குமே அங்கே கால் தரையில் பாவவில்லை. ஊரில் பாவவில்லை என்றுதான் அங்கே போனோம் என்பது வேறு விஷயம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை உங்கள் வீட்டுக்கு வந்தேன். ரூபன் அடுப்படியில் நின்று தோசை திருப்பிக்கொண்டிருந்தார். நீங்கள் விளக்கம் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. தோசை நன்றாகவே இருந்தது.

அப்புறம் அந்த ரேடியோ. காலை ஏழு மணிக்கும், மதியத்துக்கும், சாயங்காலத்துக்கும் சோகமான ஆர்கன் இசை ஒன்று வரும். தீவே வாயை மூடிக்கொள்ளும். ரூபன் பஸ்ஸை ஓரங்கட்டி வால்யூமைக் கூட்டுவார். யார் இறந்தார்கள், என்ன பட்டப்பேரால் தெரிந்தவர், எந்த ஊர், அவரை இழந்து வாடுவோர் யார் யார் என்று வாசிப்பார்கள். மகன், மகள், லண்டனில் இருக்கும் மருமகள், நியூயார்க்கில் இருக்கும் ஒன்றுவிட்ட சகோதரி, சர்ச் பாடகர் குழு, மீன் மார்க்கெட் நண்பர்கள் என்று நீண்டுகொண்டே போகும். பேர் விட்டுப்போனால் பெரிய சண்டையாகிவிடும். யார் பேரை வாசிக்க வேண்டும் என்று சொல்லும் உரிமை இரத்த உறவுக்குத்தான். ஆரம்பத்தில் எனக்கு அது அபசகுனமாகப் பட்டது. காலங்காத்தால என்ன சாவுச் செய்தி என்று முகம் சுளித்தேன். பிறகு பார்த்தால் அது இல்லாமல் எனக்குக் காபி இறங்கவில்லை.

ஒரு நாள் யாரோ ஒரு மனிதருக்கு வாசித்தார்கள். பேர், ஊர், அடக்கம் எப்போது என்பதோடு முடிந்துவிட்டது. வாடுவோர் என்று ஒருவர்கூட இல்லை. பஸ்ஸில் பெண்கள் உச்சுக்கொட்டினார்கள். அன்று சாயங்காலம் கடற்கரையில் நீங்கள் சொன்னீர்கள்.

“எனக்கு வாசிக்கிறப்ப ரூபன் பேரு வரணும். ஒளிச்சு மறைச்சு என்னயப் பொதைக்கக் கூடாது. நீ பாத்துக்க.”

சரிக்கா என்றேன். அதற்குள் என்ன அவசரம் என்று கிண்டலும் செய்தேன்.

வீட்டுக்காரருக்கு உடம்பு முடியாமல் போய் நான் கீரனூருக்குத் திரும்பி வந்த பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை. அங்கே காலை ஏழு என்றால் இங்கே சாயங்காலம் நாலரை. போனில் அந்த ரேடியோவைப் போட்டுக்கொண்டு காபி கலப்பேன். முன்பின் பார்க்காதவர்களின் சாவெல்லாம் எங்கள் அடுப்படியில் ஒலிக்கும். போன மழைக்காலத்தில் ரூபன் எனக்குப் போன் செய்தார். ஹலோ சொல்லவில்லை, முதலில் குட் ஈவினிங் என்றார். அப்புறம் உங்கள் பேரை மட்டும் சொன்னார். எனக்குப் புரிந்துவிட்டது.

வகுப்பில் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கும்போதே சரிந்தீர்களாம். அழுது முடித்துவிட்டு, அறிவிப்பில் யார் யார் பேர் வரப்போகிறது என்று கேட்டேன். சொந்தக்காரர்கள் சொல்ல வேண்டும், நானாக என் பேரைக் கொடுப்பது முறையில்லை என்றார் ரூபன். உங்களோடு அத்தனை வருடம் வாழ்ந்த மனிதர், உங்கள் தம்பியின் உத்தரவுக்குக் காத்திருந்தார்.

மறுநாள் காலையிலேயே பஸ் பிடித்து, புதுக்கோட்டையில் மாறி, உங்கள் தம்பி வீட்டுக்குப் போனேன். செய்தி அவருக்கு முன்பே போயிருந்தது. உட்காரச் சொன்னார், காபி வந்தது. மரியாதைக்கு ஒரு குறையும் இல்லை. மகளுக்கு வரன் பேசி முடிகிற நேரம் என்றார். சொந்தபந்தமெல்லாம் வெளிநாட்டில் இருக்கிறது, எதையும் போனில் அனுப்பிவிடுவார்கள் என்றார். கடைசியில் விஷயத்துக்கு வந்தார்.

“அடக்கத்த அங்கிட்டே முடிச்சிரச் சொல்லும்மா. எங்க பேரு எதுலயும் வரக் கூடாது. அந்த ஆளு பேரும் வரக் கூடாது.”

நீங்கள் இறந்ததைவிட அந்த ‘அந்த ஆளு’தான் அப்போது அதிகம் வலித்தது. உங்கள் பேர் வேண்டாமென்றால் போகட்டும், ரூபன் பேரைத் தடுக்க உங்களுக்கு உரிமை இல்லை என்றெல்லாம் அவரிடம் பேச வாய் துடித்தது. சாவு வீடாயிற்றே என்று அடக்கிக்கொண்டேன். நாளைக்குச் சாயங்காலம் நாலரைக்கு வாசிப்பார்கள், கேட்கவேண்டும் என்று தோன்றினால் கீரனூருக்கு வாருங்கள் என்று மட்டும் சொல்லிவிட்டுப் படியிறங்கினேன்.

அன்று சாயங்காலம், அடக்கத்தோடு ரேடியோ அறிவிப்பையும் பார்த்துக்கொள்ளும் அங்கத்து நிறுவனத்துக்குப் போன் போட்டேன். ஒரு பெண் எடுத்தாள். இறந்தவருக்கு நீங்கள் என்ன உறவு என்று கேட்டாள். தங்கை என்றேன். நாக்கு கூசவில்லை. ரூபன் பேரை முதலில் எழுதச் சொன்னேன், வாழ்க்கைத் துணை என்று. உங்கள் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள், காலை பஸ்ஸில் வருகிறவர்கள், சந்தையில் சேப்பங்கிழங்கு விற்கும் அம்மா, கடைசியாக இந்தியாவில் இருக்கும் தங்கை. சகோதரர்கள் உண்டா என்று கேட்டாள். இல்லை என்றேன். அவர் விரும்பியபடியே நடக்கட்டும் என்ற வீம்பு.

மறுநாள் நாலு மணிக்குக் கதவு தட்டும் சத்தம். வெள்ளை வேட்டி, கையில் ஒரு துணிப்பை, உங்கள் தம்பி நின்றார். வெயிலில் பஸ்ஸில் வந்த மனிதர். தண்ணீர் கொடுத்தேன். குடித்துவிட்டு, அந்த ஆள் பேரைக் கொடுத்தேனா என்று கேட்டார். கொடுத்தேன் என்றேன். எழுந்து போய்விடுவார் என்று நினைத்தேன். போனை மேசைமேல் வைக்கச் சொன்னார்.

ஆர்கன் இசை வந்தது. உங்கள் பேரைச் சொன்னார்கள் அக்கா. மிஸ் பெப்பர் என்று பரவலாக அறியப்பட்டவர் என்றார்கள். எங்கள் கூடத்தில், மின்விசிறிக்குக் கீழே, அந்தப் பட்டப்பேரை உங்கள் தம்பி முதல்முறையாகக் கேட்டார். ரூபன் பேர் வந்தது. பிள்ளைகள், பஸ்காரர்கள், சந்தை அம்மா. நான் கொடுக்காத பேர்களும் வந்தன. தீவுக்காரர்கள் நச்சரித்துத் தங்கள் பேரையும் சேர்த்துக்கொண்டிருக்கிறார்கள், தையல்காரி, தபால்காரர், யாரோ ஒரு படகோட்டி. வாசிக்கிறவள் மூச்சு வாங்கிக்கொண்டு வாசித்தாள். அவருக்கு ஆங்கிலம் நன்றாகவே புரியும். போனுக்குப் பக்கத்தில் குனிந்து, ஒவ்வொரு பேருக்கும் காத்திருந்தார். அடுத்தவருக்கு வாசிக்கத் தொடங்கிய பிறகும் நிமிரவில்லை.

“எம்பேரு வரலையேம்மா” என்றார்.

“நீங்கதான வேணாம்னு சொன்னீங்க.”

வேட்டி முனையால் கண்ணாடியைத் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

“மறுபடி எப்ப வாசிப்பாங்க?”

அங்கே மதியத்துக்கு ஒருதரம் உண்டு என்றேன். நான் கேட்காமலே, சேர்த்துவிடச் சொல்லு என்றார். அந்தப் பெண்ணுக்குப் போன் போட்டேன். நேற்று சகோதரர் இல்லை என்றவள் இன்று இருக்கிறார் என்கிறேன், அவள் ஒன்றும் கேட்கவில்லை. அவள் எத்தனை குடும்பங்களைப் பார்த்திருப்பாள். சகோதரர் பேரை எங்கே சேர்க்க வேண்டும், முதலிலா என்று மட்டும் கேட்டாள். அதை அவரிடம் சொன்னேன்.

“அவரு பேருக்கு அடுத்தாப்ல போடச் சொல்லு” என்றார் உங்கள் தம்பி.

அக்கா, எனக்கு நியாயமாகச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. இப்படி ஒரு போனை நீங்கள் இருக்கும்போது அவர் உங்களுக்குப் போட்டிருந்தால் என்ன என்று கத்த வேண்டும்போல் இருந்தது. உங்களுக்காக அந்த மனிதர்மேல் வருடக்கணக்கில் சேர்த்து வைத்திருந்த கோபத்தை, அழுகிற கிழவர்மேல் எப்படி இறக்குவது? ஆறு மணி பஸ்ஸுக்குக் கிளம்பும்போது தன் போனை நீட்டி, அந்த ரேடியோவை அதில் போட்டுக் கொடுக்கச் சொன்னார். போட்டுக் கொடுத்தேன். கோபம் என்னிடமே இருக்கிறது. அதை வைத்துக்கொண்டுதான் மாத்தூர் வரை போய்ப் போய்த் திரும்புகிறேன்.

உங்கள் தம்பி இப்போது அந்த ரேடியோவைத் தினமும் கேட்கிறார். நாலே முக்காலுக்கு என் போன் அடிக்கும். என் நலம் விசாரிப்பதெல்லாம் கிடையாது, கேட்பது ரூபனைப் பற்றித்தான்.

“இன்னிக்கும் அவரு பேரு வரலேல்லம்மா?” என்று கேட்பார்.

வரலண்ணே என்பேன். சரி என்று வைத்துவிடுவார்.