கருப்பையாவைச் சுமந்த பலகை

1958, ஐப்பசி 11. இரவு.

கருப்பையாவால் இனிமேல் சுமை தூக்க முடியாது என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். இடுப்பெலும்பு முறிந்திருக்கிறது. காலையில் கட்டையைத் தோளில் வைத்துக்கொண்டு ரம்ப மேடைக்கு ஏறும்போது, காலடிப் பலகை ஒடிந்து கீழே விழுந்தான்.

மக்கிப்போன பலகை அது. நாளெல்லாம் பலகை அறுக்கும் மில்லில், நாங்கள் ஏறி இறங்க மட்டும் விலைபோகாத துண்டுகள்தான். போன வாரமே முதலாளியிடம் சொன்னேன். "மழை விடட்டும் மேஸ்திரி, பாப்போம்" என்றார். நானும் விட்டுவிட்டேன்.

கட்டுமாவடியில் கட்டுகிற படகுக்கென்று அறுத்து வைத்திருந்த தேக்குப் பலகையில்தான் அவனைக் கிடத்தி, நாலு பேர் தூக்கிப் போனோம். "நல்ல பலகைங்க மேஸ்திரி, ரத்தம் பட்டுறப் போகுது" என்று வழியெல்லாம் அவன்தான் முனகிக்கொண்டு வந்தான்.

சாயங்காலம் மில்லுக்குத் திரும்பியதும் முதலாளி கேட்டார்.

"பலகையக் கொண்டாந்துட்டீங்களா?"

கொண்டுவந்திருந்தேன்.

"கழுவி அடுக்குல வச்சிருங்க. நாளைக்கு வண்டி வருது."

அவன் எப்படி இருக்கிறான் என்று கேட்பாராக்கும் என்று கொஞ்ச நேரம் நின்றேன். கேட்கவில்லை.

கிணற்றடியில் தேங்காய் நாரால் தேய்த்துக் கழுவி அடுக்கில் வைத்தேன். பிறகு மேடைக்குப் போய், ஒடிந்த இடத்தில் இன்னொரு கழிவுத் துண்டைப் போட்டு நானே ஆணி அடித்தேன். இருந்ததும் அதுதான்.

காலையில் முதலில் அதில் ஏறப் போகிறவன் கருப்பையாவின் தம்பி. அண்ணன் இடத்துக்கு அவனை வரச் சொன்னதும் நான்தான்.