கழித்தல் சொல்லித்தரக் கூடாது என்ற உத்தரவு குறித்து

அனுப்புநர்:
மூன்றாம் வகுப்பு மாணவியின் தாய்,
அரசு மருத்துவமனைச் செவிலியர்.

பெறுநர்:
கல்வி அலுவலர் அவர்கள்,
வட்டாரக் கல்வி அலுவலகம்.

பொருள்: ஆசிரியை நேரடியாகப் பாடம் சொல்லித்தர விதித்த தடையை நீக்கவும், என் மகளைத் தனி வகுப்பிலிருந்து திரும்ப அழைக்கவும் வேண்டுதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

மரியாதையாக எழுத வேண்டுமே என்று முதலில் எழுதியதைக் கிழித்துப்போட்டுவிட்டு இதை எழுதுகிறேன். இதிலும் சூடு தெரிந்தால் பொறுத்துக்கொள்ளவும்.

1. என் மகளின் கணக்கு டீச்சர் முதலில் தானே கரும்பலகையில் ஒரு கணக்கைப் போட்டுக் காட்டுவார். அடுத்ததை வகுப்போடு சேர்ந்து போடுவார். அதற்கப்புறம்தான் பிள்ளைகளைத் தனியாகப் போடச்சொல்லி, தப்பை அங்கேயே திருத்துவார். கூட்டல் முழுவதையும் என் மகள் அப்படித்தான் தடுமாறாமல் கற்றாள்.

2. கழித்தல் தொடங்கிய அன்று தாங்கள் ஆய்வுக்கு வந்தீர்கள். "டீச்சர் பேசக்கூடாது, பிள்ளைங்களே கண்டுபிடிக்கணும்" என்று பாதிப் பாடத்தில் அவரை நிறுத்தினீர்கள். மறுநாள் எழுத்திலும் உத்தரவு வந்தது. தவறைத் திருத்தவும் கூடாதாம்.

3. பிள்ளைகளும் கண்டுபிடித்தார்கள். 52-இலிருந்து 27-ஐக் கழிக்க வேண்டும். இரண்டில் ஏழு போகாது. பக்கத்து இலக்கத்தில் கடன் வாங்கலாம் என்று எட்டு வயதுப் பிள்ளைக்கு யார் சொன்னார்கள்? என் மகளின் குழு ஏழிலிருந்து இரண்டைக் கழித்து, 35 என்று விடை கண்டது. கை தூக்கி ஓட்டெடுப்பும் நடந்தது. 35 அமோக வெற்றி! அதை அட்டையில் எழுதி, நட்சத்திரம் ஒட்டி, 'எங்கள் கண்டுபிடிப்பு' என்று சுவரில் மாட்டினார்கள். மறுபடி ஆய்வுக்கு வந்த தாங்கள் அதன் பக்கத்தில் நின்று புகைப்படமும் எடுத்துக்கொண்டீர்கள். டீச்சர் வாயைத் திறக்க முடியாமல் நின்றார்.

4. தேர்விலும் என் மகள் அதே முறையில்தான் போட்டாள். சுவரில் நட்சத்திரம் வாங்கிய முறைக்குத் தாளில் முட்டை. 'மெல்லக் கற்பவர்' என்று முத்திரை குத்தி, அவளைத் தனி வகுப்புக்கு அனுப்பிவிட்டார்கள். டியூஷனில் கழித்தல் கற்றுத் தப்பித்த தோழிகள் 'மக்கு' என்கிறார்கள். பிள்ளையையும் கிள்ளிவிட்டுத் தொட்டிலையும் ஆட்டுவது இதுதான், ஐயா.

5. எனக்கு ஊசி போடக் கற்றுத்தந்த மூத்த செவிலியர் முதலில் தான் போட்டுக் காட்டினார். பிறகு என் கையைப் பிடித்துப் போடவைத்தார். நரம்பை நீயே கண்டுபிடி என்று விட்டிருந்தால் நோயாளியின் கதி என்ன? பிள்ளைகள் தேடிக் கற்பதற்கு நான் விரோதி அல்ல. ஆனால் வெறுங்கை முழம் போடுமா?

6. தனி வகுப்பில் என்ன நடக்கிறது என்று விசாரித்தேன். அங்கே கரும்பலகையில் போட்டுக் காட்டித்தான் சொல்லித்தருகிறார்களாம். தங்கள் உத்தரவு அந்த வகுப்புக்குப் பொருந்தாதாம். ஆக, இந்தப் பள்ளியில் ஒரு பிள்ளைக்குப் பாடம் சொல்லித்தர வேண்டுமென்றால் அது முதலில் தோற்க வேண்டும்.

ஆகவே, உத்தரவைத் திரும்பப் பெற்று டீச்சரைப் பாடம் நடத்த விடவும். சொல்லித்தராத கணக்கில் தோற்றவளை மறுபடி அவள் வகுப்பிலேயே உட்காரவைக்கவும்.

இன்னொன்று. தனி வகுப்பில் ஒரே பாடவேளையில் கழித்தலைக் கற்றுக்கொண்டு வந்தவள், "இவ்வளவுதானாம்மா? இதை ஏன் யாரும் முன்னாடியே சொல்லல?" என்று கேட்டாள். இதற்குப் பதிலைத் தாங்கள் எழுத்தில் தரவும். கடிதத்தை எனக்கு அனுப்ப வேண்டாம், அவள் பெயருக்கே அனுப்பவும். அவளுக்கு நன்றாகப் படிக்க வரும்.

பதிலுக்குக் காத்திருக்கும்,
மாணவியின் தாய்
(கையொப்பம்)

இடம்: மருத்துவமனைப் பணியறை
நாள்: சனிக்கிழமை