படகு வார்னிஷும் அப்பாவின் இடது காலும்

நவம்பர் 14

பள்ளித் தாழ்வாரத்தில் கழற்றி வைத்திருந்த பூட்ஸுகளையெல்லாம் ஜோடி மாற்றி வைத்ததற்கு ஒரு மணி நேரத் தண்டனை. வீட்டுக்கு வந்தால் அம்மா கையில் போன். முகத்தில் இருப்பது சிரிப்பா அழுகையா தெரியவில்லை.

"இருபத்தெட்டாம் தேதி உங்கப்பாவ அனுப்புறாங்களாம், ஹில்லா."

பக்கவாதம் வந்து ஆகஸ்ட்டிலிருந்து மருத்துவமனையில் இருக்கிறார் அப்பா. இடது காலில் உணர்ச்சி இல்லை. வாயில் மிஞ்சியது ஒரே சொல். சாப்பிட்டியாப்பா? இல்ல. சாப்பிடலையா? இல்ல.

சந்தோஷப்பட வேண்டும். இன்னும் பதினாலே நாள் என்று விரல்விட்டு எண்ணிக்கொண்டிருக்கிறேன்.

நவம்பர் 15

குளியலறைத் தரையில் அப்பாவே இழைத்துப் போட்ட மரப்பலகைகள். கறுத்து, சிலாம்பு எழும்பிக் கிடக்கின்றன. அவர் காலில் ஒன்று ஏறினால் அவருக்கே தெரியாது. பலகையை எடுத்துவிட்டு ரப்பர் பாய் போடச் சொன்னாராம் நர்ஸ். அப்பா "இல்ல" என்று கட்டில் கம்பியில் ஓங்கி அடித்தாராம். அந்த 'இல்ல' மட்டும் நிஜ 'இல்ல' என்கிறாள் அம்மா.

"நீதான் தேய்ச்சு ஏதாவது பூசணும். மரம் மரமாவே தெரியணும், தண்ணி உள்ள போகக் கூடாது. உனக்குத்தான் வேலை தலைக்கு மேல இருக்கே, பூட்ஸ் அடுக்குறது."

நவம்பர் 16

கொட்டகையில் அப்பாவின் டப்பாக்கள். மெழுகு, சுவர்ப் பலகைக்கு. எண்ணெய், காய்ந்து பிசினாகிவிட்டது. படகு வார்னிஷ், பாதி டப்பா. கோடை முழுக்க ஏரியில் கிடக்கும் படகையே காப்பாற்றுவது, குளியலறையைக் காப்பாற்றாதா? நானொரு மேதை.

நவம்பர் 18

மூன்றாவது பூச்சு. கண்ணாடியேதான்! குனிந்தால் என் முகப்பருவை எண்ணலாம்.

"அடியே, உனக்குள்ள இப்படி ஒருத்தியா?" என்றாள் அம்மா.

நவம்பர் 20

விழுந்தேன்.

தலைக்கு ஷாம்பூ போட்டுவிட்டு ஓர் அடிதான் எடுத்து வைத்தேன். முழங்கை வீங்கியிருக்கிறது. எனக்கு நல்ல கால் ரெண்டு, குழாயைப் பிடிக்க ரெண்டு கை. அப்பாவுக்கு?

படகுல யாரும் சோப்புக் காலோட நடக்க மாட்டாங்க. இது ஏன் எனக்கு முன்னாடியே தோணல? ஏன் தோணல?

கண்ணை மூடினால் அந்தப் பலகைமேல் அவர் தலை. பலகைக்குப் பளபளப்பு, எனக்குப் படபடப்பு.

நவம்பர் 21

பெயின்ட் கடை பிர்யோ அக்காவிடம் போனேன்.

"குளிக்கிற எடத்துல படகு வார்னிஷ் அடிச்சது யாரு?"

"என் ஃப்ரெண்டு ஒருத்தி."

"அந்த ஃப்ரெண்ட முழங்கைக்கு ஐஸ் வைக்கச் சொல்லு."

வெறும் மரம் தெரியும்வரை தேய்த்து, மர எண்ணெயை மெல்லியதாகப் பூசணுமாம். "பூசுறது பெரிசில்ல. ஊறினது போக மிச்சத்தத் துடைக்கணும். மேல நின்னா அதுவும் வழுக்கும். துடைச்ச துணிய நனைச்சு வெளிய விரிச்சுப் போடு. சுருட்டி வெச்சா தானா தீப்பிடிச்சுக்கும்."

நல்லது. இதுவரை விழுவார் என்று மட்டும்தான் பயந்தேன்.

நவம்பர் 22

உப்புத்தாள் உப்புத்தாளாகத் தீர்கிறது. பொடியைப் பார்த்து அம்மா கத்திக்கொண்டே வந்தாள். "நல்லா இருந்தத ஏன்டி சுரண்டுற?"

முழங்கையைக் காட்டினேன். டாய்லெட் மூடிமேல் உட்கார்ந்துவிட்டாள். திட்டவே இல்லை.

"அவர் விழுந்தா என்னால தூக்க முடியாதுடி. தெனம் அதே நெனப்புதான்."

அம்மாவுக்குப் பயமே கிடையாது என்றல்லவா நினைத்திருந்தேன். அவளும் ஒரு தாள் எடுத்துக்கொண்டாள்.

நவம்பர் 23

எண்ணெய் பூசியாயிற்று. துடைத்தோம். மறுபடி துடைத்தோம். துணிகள் பனியில் விரிந்து கிடக்கின்றன. ஜன்னலைத் தாண்டும்போதெல்லாம் எட்டிப் பார்க்கிறேன்.

நவம்பர் 27

சோப்பு நுரையை ஊற்றி, அம்மாவும் நானும் ஒற்றைக் காலில் நொண்டியடித்தோம். பலகை காலைப் பிடித்துக்கொள்கிறது. "ஜெயிச்சது நான்தான்" என்றாள் அம்மா.

ஆனால் நாங்கள் அப்பா இல்லையே.

நவம்பர் 29

நேற்று அப்பா வந்துவிட்டார். இன்று சனிக்கிழமை, குளியல் நாள். அம்மா ஒரு பக்கம், நான் பின்னால். வாசலிலேயே நின்று பலகைகளை உற்றுப் பார்த்தார் அப்பா. நல்ல காலை வைத்து முன்னும் பின்னும் தேய்த்தார். பிறகு இடது கால். இழுத்து, மெதுவாக.

பெஞ்சில் உட்கார்ந்ததும் கைத்தடியால் கதவைக் காட்டினார்.

"போ."

புதுச் சொல்! அம்மா வெளியே வந்து அழுதாள். நான் கதவில் காதை வைத்துக்கொண்டிருந்தேன். உள்ளே 'தொம்'! பாய்ந்து திறந்தால், உருண்டது வாளி. நுரைத் தலையோடு முறைக்கிறார்.

"போ!"

கதவைச் சாத்திவிட்டு மறுபடி காதை வைத்தேன்.

டிசம்பர் 6

அப்பா குளிக்கப் போனார். இந்த முறையும் கதவுக்கு வெளியே, தரையில் உட்கார்ந்து காவல் காத்தேன். அதாவது, தூங்கிவிட்டேன்.

முகத்தில் தண்ணீர் சொட்டியதும்தான் விழித்தேன். அப்பா ஈரத் தலையோடு, தடியை ஊன்றி, குறுக்கே கிடந்த என் கால்களைத் தாண்டிக்கொண்டிருந்தார். முதலில் நல்ல கால். அப்புறம் மற்றது.

நான் அசையாமல் படுத்திருந்தேன்.