பின்னறையில் இருந்த இரண்டு கவசங்கள்

யூட்டிக்கா, நியூயார்க்
நவம்பர் 14

அன்பு மகள் கேரிஸுக்கு,

அப்பா எழுதுகிறேன். அலாஸ்காக் குளிரில் நீயும் மாப்பிள்ளையும் சளி இருமல் இல்லாமல் இருக்கிறீர்களா? இங்கே அம்மாவுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது, உன் தம்பி டெவின் தானாக எழுந்து மாடிப்படி இறங்குகிறான், இந்த வாரம் வண்டி கூட ஓட்டினான், நான் எப்படி இருக்கிறேன் என்று கேட்டால் உடம்புக்கு ஒன்றுமில்லை. முதல் பனி செவ்வாய்க்கிழமையே கொட்டிவிட்டது, வண்டிக்குப் பனிக்கால டயர் மாட்ட வேண்டும் என்று அம்மா மூன்று வாரமாகச் சொன்னாள், நான்தான் கேட்கவில்லை, அந்தக் குறையும் என் கணக்கில் சேர்ந்துகொண்டது. கறுப்பும் வெள்ளையுமான அரைநிலா பிஸ்கட் ஒரு டப்பா உனக்கு அனுப்பியிருக்கிறாள், உடைந்து வந்தால் தபால்காரரைத் திட்டாதே, கட்டியது நான். அம்மா என்னோடு பேசுகிறாள், சாவி எங்கே, மருந்து குடித்தாயிற்றா என்ற அளவில். அதற்கு மேல் பேச அவளுக்கு மனம் வரவில்லை, வராததில் நியாயம் இருக்கிறது, அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். போனில் சொல்லலாமே என்பாய். போனில் உன் குரலைக் கேட்டால் முன்பு சொன்ன பொய்யையே மறுபடியும் சொல்லிவிடுவேன்.

டெவின் சுடப்பட்ட இரண்டாம் நாள் நீ ஆஸ்பத்திரிக்குப் போன் செய்து அழுதாய் அல்லவா, "நம்ம கடையிலயே விக்கிறோமேப்பா, குண்டு துளைக்காத சட்டை ஒண்ணு அவன் உடம்புல ஏன் இல்ல? ஆகஸ்ட்லயே உங்ககிட்ட சொன்னேனே" என்று கேட்டாய். அவன் அளவில் ஸ்டாக் இல்லை, கம்பெனியிலிருந்து வரத் தாமதம் என்று நான் சொன்னேன். அது பொய், கேரிஸ். நம் சீருடைக் கடையின் பின்னறையில், பூட்ஸ் பெட்டிகளுக்கு மேலே, அவன் அளவிலேயே இரண்டு இருந்தன. இன்றைக்கும் இருக்கின்றன. அவன் கேட்டு வந்தான், நான் கொடுக்கவில்லை.

செப்டம்பரில் ஒரு சனிக்கிழமை காலை வந்தான். கடையில் சிறைக் காவலர்கள் இரண்டு பேர் பெல்ட் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவன் மே மாதத்திலிருந்து கோர்ட் சம்மன்களை வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுக்கும் வேலையில் இருப்பது உனக்குத் தெரியும், வீட்டைக் காலி செய்யச் சொல்லும் தாள், விவாகரத்துத் தாள், யாருமே வாங்க விரும்பாத தாள்கள். ஒரு வீட்டில் நாயை ஏவிவிட்டார்களாம், இன்னொரு வீட்டில் கோடரியோடு வாசலுக்கு வந்தார்களாம், அதனால் கவசம் வேண்டும் என்றான். நம் மாநிலத்தில் கேட்டவருக்கெல்லாம் இதை விற்க முடியாது, வாங்குகிறவர் நேரில் வர வேண்டும், அவர் பார்க்கும் வேலை பட்டியலில் இருக்க வேண்டும், அதற்குச் சான்று காட்ட வேண்டும், சின்ன வயதில் கல்லாவில் உட்கார்ந்தவள் நீ, உனக்குச் சொல்லவா வேண்டும். அந்தப் பட்டியலை அச்சடித்துக் கல்லாவுக்குப் பின்னால் ஒட்டியதே நான்தான். சம்மன் கொடுப்பவர்கள் என்று அதில் தெளிவாக இருக்கிறது. அவன் ஒழுங்காக ஓட்டுநர் உரிமம், கம்பெனி அடையாள அட்டை, கம்பெனிக் கடிதம் மூன்றையும் மேஜைமேல் வரிசையாக வைத்தான். நல்ல பையனாக வைத்தான். நான் கடிதத்தை மட்டும் எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்து, "இத எந்தப் பிரிண்டர்ல அடிச்ச?" என்று கேட்டேன்.

ஏன் அப்படிக் கேட்டேன் என்று உனக்குப் புரியும். பத்து வருடத்துக்கு முன்னால் அவன் காலேஜை விட்டு நின்றதை மறைத்து, காலேஜ் முத்திரையோடு தானே ஒரு கடிதம் அடித்துக் கொண்டுவந்து கொடுத்தான், நல்ல மதிப்பெண் என்று டீன் பாராட்டுகிறாராம். அதை நான் கண்ணாடிச் சட்டம் போட்டுக் கடையில் மாட்டி ஒரு வருடம் வந்தவர் போனவர் எல்லோருக்கும் காட்டினேன். உண்மை தெரிந்த நாளில் அந்தச் சட்டத்தைக் கழற்றினேனே தவிர ஆணியைப் பிடுங்கவில்லை. அந்த ஆணி இன்னும் அதே சுவரில் இருக்கிறது, பட்டியல் ஒட்டியிருக்கிற சுவர். அன்றைக்குச் சுவரைத் திரும்பிப் பார்த்தபோது என் கண்ணுக்குப் பட்டியல் தெரியவில்லை, ஆணிதான் தெரிந்தது.

காவலர்கள் இருவரும் அப்பா மகன் கேலி என்று நினைத்துச் சிரித்தார்கள். டெவின் சிரிக்கவில்லை. "அதுல போன் நம்பர் இருக்குப்பா, கூப்பிட்டுக் கேளுங்க" என்றான் மெதுவாக. கூப்பிடுவதற்கு என்ன கேடு எனக்கு? போன் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. ஆனால் என் வாய் சும்மா இருக்குமா, "நம்பரையும் நீயேதான அடிச்சிருப்ப" என்றேன். ஒருவர் இன்னும் பலமாகச் சிரித்தார். அவன் கடிதத்தை நாலாக மடித்து உள்பையில் வைத்துக்கொண்டு, "சரிப்பா, நீங்க வியாபாரத்தப் பாருங்க" என்று சொல்லிவிட்டுப் போனான். கதவைக்கூட ஓங்கிச் சாத்தவில்லை, ஓங்கிச் சாத்தியிருந்தால் நான் இன்னும் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருப்பேன். இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், சொல்லாவிட்டால் இந்தக் கடிதமும் அரைகுறைதான். அதே காலையில், அவன் வருவதற்கு அரை மணி முன்னால், யாரென்றே தெரியாத ஒரு செக்யூரிட்டி ஆசாமிக்குக் கவசம் விற்றேன். அட்டையை நீட்டினார், பார்த்தேன், எழுதிக்கொண்டேன், கொடுத்தேன். யாரோ ஒருவருக்கு ஒரு அட்டை போதுமாக இருந்தது, என் பிள்ளைக்கு மூன்று காகிதம் போதவில்லை.

அதற்குப் பிறகு நடந்தது உனக்குத் தெரிந்ததுதான். அக்டோபர் மூன்றாம் தேதி ஹெர்க்கிமர் பக்கம் ஒரு வீட்டில் கதவைத் தட்டியிருக்கிறான், உள்ளே இருந்தவன் வலைக்கதவு வழியாகவே வாத்து சுடும் துப்பாக்கியால் சுட்டுவிட்டான். இடது விலாவுக்குக் கீழே பதினொரு ரவைகள். எல்லோரிடமும் கேட்டுவிட்டு என்னிடம் மட்டும் நீ கேட்காத கேள்வி ஒன்று உண்டு, அந்தச் சட்டை இருந்திருந்தால் தடுத்திருக்குமா என்று. தடுத்திருக்கும். இருபத்தாறு வருடமாக இதை விற்கிறவன் சொல்கிறேன், அந்தத் தூரத்தில் அந்த ரவையில் ஒன்றுகூட உள்ளே போயிருக்காது, விலாவில் பந்து பட்ட மாதிரி ஒரு நீலம் பூத்திருக்கும், அவ்வளவுதான். ஆஸ்பத்திரியில் அவன் உடைகளை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டுக் கொடுத்தார்கள். கோட்டின் உள்பையில் அந்தக் கடிதம் நாலாக மடித்தபடியே இருந்தது. வராந்தாவில் உட்கார்ந்து அதிலிருந்த நம்பருக்குப் போன் போட்டேன். ஒரு அம்மாள் எடுத்தார், "டெவினா, ஐயோ, எப்படி இருக்கான்? அந்த லெட்டர்ல கையெழுத்துப் போட்டது நான்தாங்க, நீங்க கூப்பிடுவீங்கன்னு அந்த சனிக்கிழமை மதியம் வரைக்கும் ஆபீஸ்ல இருந்தேன்" என்றார். எல்லாம் சேர்த்து இரண்டு நிமிடம் ஆகவில்லை.

அதற்கு மறுநாள்தான் நீ கூப்பிட்டாய். ஸ்டாக் இல்லை என்று நான் சொன்னபோது டெவின் கட்டிலில் கண்ணை மூடிப் படுத்திருந்தான், தூங்குகிறான் என்று நினைத்துத்தான் சொன்னேன். நீ அவனிடம் கொடுக்கச் சொன்னாய். போனை வாங்கி என்னைப் பார்த்துக்கொண்டே, "ஆமா அக்கா, ஸ்டாக் இல்ல, அப்பா என்ன பண்ணுவாரு பாவம்" என்றான். அந்தக் காலேஜ் கடிதத்துக்குப் பிறகு பத்து வருடமாக அவன் பொய் சொல்லி நான் பார்க்கவில்லை, அதை நான் ஒரு நாளும் எண்ணிப் பார்த்ததில்லை என்பது வேறு விஷயம். பத்து வருடம் கழித்து ஒரு பொய் சொன்னான், அதுவும் எனக்காக. அம்மாவிடம் அன்று மாலையே சொன்னேன். "கடைச் சட்டத்தையெல்லாம் கடையோட வச்சுக்க வேண்டியதுதான, பிள்ளைகிட்ட எதுக்குக் கொண்டுவந்த" என்றாள். கடைச் சட்டம் அவனுக்குக் கொடு என்றுதான் சொன்னது, நான்தான் கேட்கவில்லை என்று அவளிடம் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. பிறகு அதையும் சொன்னேன், அன்றிலிருந்துதான் சாவியும் மருந்தும்.

நேற்று மத்தியானம் சிரக்யூஸிலிருந்து வின்ஸ் டலாரிக்கோ கூப்பிட்டான். நம்மைப் போலவே சீருடைக் கடை வைத்திருப்பவன், மாநாடுகளில் என்னோடு சீட்டாடித் தோற்பானே, அவன்தான். "ஏம்ப்பா கிளென், உன் மகன் இங்க வந்து நிக்கிறான். காகிதம் எல்லாம் பக்கா, கம்பெனிக்கும் பேசிட்டேன், சரின்னுட்டாங்க. ஆனா அப்பன் கடைய விட்டுட்டு ஒரு மணி நேரம் வண்டி ஓட்டி என்கிட்ட வரான்னா ஏதோ வில்லங்கம் இருக்கணுமே. நீயே விக்காத ஆளுக்கு நான் எப்படிய்யா விக்கிறது?" என்றான். பக்கத்தில் ஆட்கள் பேசும் சத்தம் கேட்டது, என் பிள்ளை இன்னொரு கடையில் இன்னொருவர் முன்னால் மறுபடியும் காகிதங்களைப் பரப்பிவைத்துக்கொண்டு நிற்கிறான் என்பது கண்ணில் தெரிந்தது. காலையில் அம்மாவிடம் மட்டும் சொல்லிவிட்டுக் கிளம்பியிருக்கிறான். நான் சொன்னேன், "வில்லங்கம் அவன்கிட்ட இல்ல வின்ஸ், என்கிட்டதான். அவன் காட்டுனது எல்லாம் உண்மை. நான்தான் பாக்காம விட்டேன், அதனாலதான் அவன் குண்டடி பட்டான்." டெவின் அளவில் இங்கேயே இரண்டு இருக்கின்றன, இப்போதே எடுத்துக்கொண்டு வரட்டுமா என்று கேட்டேன். வின்ஸ் போனைக் கையால் பொத்திக்கொண்டு கேட்டிருக்க வேண்டும், ஆனாலும் டெவின் சொன்னது எனக்குக் கேட்டது, "வேணாம்னு சொல்லுங்க சார், புதுசா ஆர்டர் போடுங்க, நான் காத்திருக்கேன்." கோபமாகச் சொல்லவில்லை, கடையில் ஒரு வாடிக்கையாளர் சொல்கிற மாதிரி மரியாதையாகச் சொன்னான். நல்லது, அளவெடு, நிற்கவைத்து மட்டும் எடுக்காதே, உட்காரவைத்தும் எடு என்று வின்ஸுக்கு அவன் தொழிலையே சொல்லிக்கொடுத்தேன், அவனும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டான். போனை வைக்கப் போகும்போது, "இடது பக்கப் பட்டைய மட்டும் கொஞ்சம் தளர்த்தி வை வின்ஸ், அங்க தையல் இன்னும் ஆறல" என்றேன்.

கண்ணு, நீ எங்கள் நடுவில் வந்து சமாதானம் பேச வேண்டாம். அவனிடம் ஒன்று மட்டும் சொல், அப்பா எல்லாவற்றையும் எழுதிவிட்டார், எனக்காகச் சொன்ன பொய்யை இனி அவன் காப்பாற்ற வேண்டியதில்லை என்று. வெளியே போகும்போது காதை மூடிக்கொண்டு போ, மாப்பிள்ளையை வாரம் ஒரு முறையாவது அவர் அம்மாவுக்குப் போன் பேசச் சொல். நீங்கள் இருவரும் குறையில்லாமல் இருக்க வேண்டும் என்று ஞாயிறுதோறும் கோவிலில் உட்கார்ந்து கேட்டுக்கொள்கிறேன், எனக்கென்று எதையும் கேட்க இப்போது வாய் வருவதில்லை.

மறக்காமல் செய்ய வேண்டியது ஒன்று. ஆர்டர் வந்துசேர மூன்று வாரம் ஆகும். டெவினோ பத்து நாளிலேயே வேலைக்குப் போகிறேன் என்கிறான். சட்டை கைக்கு வரும்வரை ஒரு கதவையும் தட்டாதே என்று நீ அவனிடம் சொல், நீ சொன்னால் கேட்பான். நான் சொன்னால், என்ன அத்தாட்சி என்று அவன் கேட்கலாம், காட்ட என்னிடம் ஒன்றுமில்லை.

இப்படிக்கு, உன்னையும் அவனையும் பெற்ற
அப்பா,
கிளென் பிரிட்சர்ட்