நீ தட்டிய கதவுகள்

நேற்றுக் காலை கம்பெனி பஸ்ஸில், பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண்ணின் செல்போன் திரையில் உன் முகத்தைப் பார்த்தேன். காதோரம் நரைத்திருந்தது. இடது புருவத்துத் தழும்பை வைத்துத்தான் கண்டுபிடித்தேன். சின்ன வயதில் மாங்காய் ஏற்றிவந்த டிராக்டரின் பின்னால் தொங்கி நீ விழுந்தபோது பட்ட தழும்பு.

அந்தப் பெண் லாவண்யா. வேலைக்குப் புதிது. திருப்பதியில் நான் ஏறுவேன், வடமாலபேட்டையில் அவள் ஏறுவாள். "யாரும்மா இது?" என்றேன்.

"எங்க பெரியம்மா, அக்கா. சொந்தம் இல்ல, சித்தூர்ல பக்கத்து வூடு. போன மாசம் தவறிட்டாங்க. சமைச்சிக்கினு இருந்தவங்க அப்படியே சாஞ்சிட்டாங்க."

முன் சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். ஒரு மாதம். நான் தினமும் சாப்பிட்டிருக்கிறேன், சிரித்திருக்கிறேன், தாமதமாக வந்த பெண்களைத் திட்டியிருக்கிறேன். நீ இல்லை என்பதே எனக்குத் தெரியவில்லை. யார் சொல்வார்கள்? கல்யாணத்துக்குப் பிறகு மாற்றிய நம்பரை உனக்கு நான் கொடுக்கவே இல்லையே.

"நானும் அவளும் சித்தூர் மாங்கா கூழ் கம்பெனி லைன் வீட்டுலதான் ஒண்ணா வளர்ந்தோம்" என்று மட்டும் சொன்னேன். அவள் என் கையை இறுகப் பிடித்தாள். "அப்போ பெரியம்மாகூட கதவு தட்டின அக்கா நீங்கதானா? நாந்தான்க்கா அந்தக் கொழந்த. உங்களப் பத்தி சொல்லிக்கினே இருப்பாங்க."

மாம்பழ சீசன் வந்தால் நம் தெருவே மஞ்சளாகிவிடும். ஆலையில் பழக்கூழ் காய்ச்சும் வாசனை துணியில், தலைமுடியில், சோற்றில்கூட இருக்கும். பழம் சீவப்போன நம் அம்மாக்களின் விரல்கள் மழைக்காலம் வரை மஞ்சள் மாறாது. ஆலைச் சங்கு ஊதினால்தான் நமக்கு மணி தெரியும்.

அன்று மத்தியானம் நேரங்கெட்ட நேரத்தில் சங்கு ஊதியது. நமக்குப் பதினாலு வயது. பெரியவர்கள் பாதிப்பேர் ஷிப்ட்டில் இருந்தார்கள். குளிர்கிடங்குப் பக்கமிருந்து வந்த காற்று கண்ணையும் மூக்கையும் எரித்தது. அங்கே கசிந்தது அம்மோனியா என்பதெல்லாம் பிறகு தெரிந்துகொண்டதுதான். இருவரும் ஒன்றாகத்தான் ஓடத் தொடங்கினோம். தெருமுனையில் நீ நின்றாய். "உள்ள தூங்கிக்கினு இருப்பாங்கடி" என்றாய். திரும்பிப் போனாய்.

நான் போகவில்லை.

வீடு வீடாகத் தட்டி எல்லோரையும் எழுப்பினாய். கடைசி வீட்டில், வெளியே தாழ் போட்டுவிட்டுத் தாய் குழாயடிக்குப் போயிருக்க, தூளியில் கிடந்த குழந்தையைத் தூக்கி வந்தாய். பெரியாஸ்பத்திரியில் கண்ணில் ஈரத்துணியோடு படுத்திருந்த உன்னிடம் எல்லோரும் கேட்டபோது, "நாங்க ரெண்டு பேரும்தான் தட்டினோம்" என்றாய்.

பள்ளியில் நம் இருவரையும் மேடையேற்றி ஹெட்மாஸ்டர் தெலுங்கில் புகழ்ந்தார். பிள்ளைகள் கைதட்டினார்கள். இறங்கும்போது உன் காதில் கேட்டேன், "ஏன்டி பொய் சொன்ன?"

"உங்க நைனாவப் பாரு."

நைனா கடைசி வரிசையில், வேலைச் சட்டையோடு, துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். சாகும்வரை வருகிறவர்களிடமெல்லாம் அந்தக் கதையைச் சொன்னார். ஒவ்வொரு முறையும் நான் தலை குனிந்தேன். அடக்கம் என்று நினைத்தார்கள்.

உன்னைப் பார்க்கும்போதெல்லாம் அந்த மேடை ஞாபகம் வந்தது. அதனால் பார்ப்பதையே குறைத்தேன். அப்புறம் விட்டுவிட்டேன். நீ ஒருநாளும் குத்திக்காட்டியதில்லை. அதுதான் என்னால் தாங்க முடியாததாக இருந்தது. அதைச் சொல்லாமலே இத்தனை வருஷத்தைக் கழித்துவிட்டேன்.

பஸ்ஸில் அந்தப் பெண் இன்னும் என் கையைப் பிடித்திருந்தாள். நீ காப்பாற்றிய கை. "நான் தட்டலம்மா" என்றேன். "ஒரு கதவையும் தட்டல. ஓடிட்டேன். உன்னத் தூக்கினது அவ மட்டும்தான்."

கையை மெல்ல எடுத்துக்கொண்டாள். கம்பெனி கேட் தெரிந்த பிறகு கேட்டாள்.

"அவங்க தட்டினது உங்களுக்குக் கேட்டுச்சாக்கா?"

இருபது வருஷத்தில் யாரும் கேட்காத கேள்வி.

"கேட்டுச்சு" என்றேன். "கேட்டுக்கினேதான் ஓடினேன்."

பஸ் நின்றதும் இறங்கிப் போனாள். மாலை பஸ்ஸில் முன்னால் போய் உட்கார்ந்துகொண்டாள். இனி பேசமாட்டாள் என்று நினைத்தேன்.

இன்று காலை வடமாலபேட்டையில் ஏறியவள், காலியாக இருந்த இரண்டு சீட்டைத் தாண்டி என்னிடம் வந்தாள். முகத்தில் சிரிப்பில்லை.

"அவங்க சின்ன வயசுல எப்படி இருப்பாங்க? உங்களுக்குத்தானே தெரியும். சொல்லுங்க."

சொல்லத் தொடங்கினேன். உன் பதினாலு வயசு இப்போது என்னிடம் மட்டும்தான் இருக்கிறது. அதை அவளிடம் முழுசாகக் கொடுத்துவிடுவேன். அதில் எந்தக் கதவிலும் என் கை இருக்காது.