மிளகாய்த்தூளுக்கு ஒரு அறை

ஏழாலை,
ஐப்பசி, வெள்ளிக்கிழமை.

என் அன்பு மகன் மயூரதனுக்கு அம்மா எழுதுவது,

இங்கே நானும் அப்பாவும் சுகம். நீயும் உதயகலாவும் பேத்தியும் அந்தச் சுவிஸ் குளிரில் ஒரு குறையும் இல்லாமல் இருக்கக் கீரிமலை நகுலேஸ்வரரை நாளும் வேண்டிக்கொள்கிறேன். போன் இருக்கக் கடிதம் எதற்கு என்று நீ சிரிப்பாய். போனில் எதைக் கேட்டாலும் ஓம் அம்மா, ஓம் அம்மா என்றுவிட்டு வேலைக்கு நேரமாகிவிட்டது என்று வைத்துவிடுகிறாய், பக்கத்தில் அப்பாவும் காதைத் தீட்டிக்கொண்டு இருப்பார், அதனால்தான் இதை அங்கே வருகிற குணலட்சுமியின் மகளிடம் கொடுத்துவிடுகிறேன். ஆறுதலாக இருந்து வாசி. இங்கே மழை தொடங்கிவிட்டது, கிணறு ஏறுகிறது, மாடு கன்று போட்டிருக்கிறது, பெண்ணாக ஒரு நாகு கன்று.

இனி விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் தோட்டத்து மிளகாயை நான் வறுத்துத் தூளாக்கி மானிப்பாயில் யாகப்புவின் கடைக்குக் கொடுப்பது உனக்குத் தெரியும். காயவைத்துச் செத்தல் மிளகாயாக விற்றால் இந்தியாவில் இருந்து வருகிற செத்தலோடு போட்டி போட ஏலாது, தூளாகப் போனால்தான் அந்தத் தோட்டம் எங்களைத் தாங்கும். இப்போது கடைகடையாகச் சோதிக்கிறார்கள், பதிவும் லேபலும் இல்லாத தூள் இருக்கக் கூடாதாம். யாகப்பு தலையைச் சொறிந்துகொண்டு, "அக்கா, உங்கடை தூளுக்கெண்டுதான் சனம் வருது, ஆனா பதிவு இல்லாமல் இனி நான் வாங்க ஏலாது" என்றார். அவரைக் குறை சொல்லவில்லை. எங்கேயோ ஒருவன் தூளுக்குள் சாயம் கலந்தானாம், அதைத் தின்று பிள்ளைகள் ஆசுப்பத்திரியில் கிடந்தார்களாம், சட்டம் வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் சாயம் கலந்தவனிடம் பெரிய மில்லும் மாபிள் தரையும் இருந்திருக்கும். தன் வீட்டுக் கறிக்குப் போடுகிற தூளையே ஊருக்கும் கொடுக்கிற என்னிடம் பின்வளவில் ஒரு கொட்டில்தான் இருக்கிறது. இரண்டு பேருக்கும் ஒரே சட்டம் என்றால் எனக்குக் கோபம் வராதா, சொல்லு பார்ப்போம்.

பதிவுக்கு விண்ணப்பித்தோம். சுகாதாரப் பரிசோதகர் வந்து சுத்தம் பார்ப்பார் என்றார்கள். சுத்தம் பார்க்க ஒருவர் வருகிறார் என்றால் நான் வேறு என்ன செய்வேன், விடியவே எழும்பி முழுகிவிட்டு, கொட்டில் முழுவதையும் சாணி கரைத்து மெழுகினேன், மஞ்சள் தண்ணீர் தெளித்தேன், சாம்பிராணியும் காட்டினேன். பொங்கலுக்குக்கூட அப்படி மெழுகியதில்லை. மழை ஈரத்தில் தரை காயவில்லை. வந்தவர் தனோஜன் என்று ஒரு இளம் பெடியன், நல்ல மரியாதையான பிள்ளை. சப்பாத்தைக் கழற்றிவிட்டு வாருங்கோ தம்பி என்றேன், பாவம், வெள்ளை மேஸ் போட்ட காலோடு உள்ளே வந்தவர் அப்படியே நின்றுவிட்டார். அப்பா சிரிப்பை அடக்க வேலிப் பக்கம் திரும்பிவிட்டார். அந்தப் பிள்ளை காலைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "அம்மா, உங்களுக்கு உது சுத்தம், சட்டத்தில உது மாட்டுச்சாணி. சாப்பாட்டுச் சாமான் செய்யிற இடத்தில இருக்கவே கூடாது" என்றார். எனக்கு வந்த கோபத்தில், இந்தக் கொட்டில் தூளைத் தின்றுதான் என் பிள்ளை வளர்ந்து சுவிசுக்குப் போனான், அவனுக்கு ஒரு நாளாவது வயிற்றால் போயிருக்குமா என்று கேட்டுவிட்டேன். போயிருக்கிறது, அது உனக்கும் எனக்கும் தெரியும், அவருக்கு எதற்கு.

அவர் கோபிக்கவில்லை. சாணி பட்ட மேஸ் இரண்டையும் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு தேத்தண்ணீர் குடித்தபடியே விளங்கப்படுத்தினார். கழுவக்கூடிய தரை வேண்டும், வலை அடித்த யன்னல் வேண்டும், வீட்டுக்குள்ளால் போகாமல் தனி வாசல் வேண்டும். அப்படி ஒன்றைப் புதிதாகக் கட்ட எங்களால் ஏலாது தம்பி என்று அப்பா சொன்னார். அப்போதுதான் அவர் கண் உன் அறையில் பட்டது. ஒரு காலத்தில் ஊரோடு வந்து இருக்கிறேன் என்று சொல்லி நீ அங்கே இருந்தே கட்டுவித்தாயே, அந்த அறை. நான் வாயைத் திறக்குமுன் அப்பா திறப்பை எடுத்துவந்து திறந்து காட்டிவிட்டார். வெள்ளை மாபிள், வலை யன்னல், மூலையில் கை கழுவுகிற பேசின், வெளியாலே கதவு. "உது திறமான இடம் அம்மா, உதில செய்யுங்கோ, பதிவு கிடைக்கும்" என்றார். கட்டிலும் அலுமாரியும் வெளியே போகவேண்டுமாம். இடைக்கிடை படுக்கிற அறையாகவும் வைத்திருக்கலாமா என்று கேட்டேன், ஏலாது என்றார். யார் படுக்கிறது என்று கேட்டார். என் மகன் வருவான் என்றேன். எப்போது வாறார் என்று கேட்டார். நான் அவர் குடித்த கோப்பையை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டேன்.

நான் குறையாகச் சொல்லவில்லை, மகன். பேத்திக்குப் பள்ளிக்கூடம், உனக்கு வேலை, எனக்கு விளங்குகிறது. சும்மா விடுமுறைக்கு வந்தால் விறாந்தையிலும் படுக்கலாம், நான் கேட்பது அதை அல்ல. கார்த்திகை பிறந்தால் மிளகாய்க்கு நாற்றுமேடை போடவேண்டும். தூள் இல்லை என்றால் மிளகாயும் இல்லை, பக்கத்துத் தோட்டக்காரர் சுபாஸ் எங்கள் தோட்டத்தைக் குத்தகைக்குக் கேட்கிறார். தோட்டம் இல்லாமல் வீட்டுக்குள் இருக்கிற அப்பாவை நினைக்கவே எனக்குப் பயமாக இருக்கிறது. அந்த அறையைக் கொடுத்துவிட்டால், நீ வருவாய் என்று நான் சொல்லித் திரிய ஒன்றும் மிஞ்சாது. இரண்டும் எனக்கு வேண்டும், இரண்டும் கிடைக்காது. அதனால் உங்கடை விருப்பம் அம்மா என்று மட்டும் எழுதிவிடாதே, அதைத்தான் நீ எப்போதும் சொல்வாய். வருவேன் என்றால் சொல்லு, அறையில் ஒரு சாமான் அசையாது. வரமாட்டேன் என்றால் அதையும் சொல்லு, ஒரு நாள் அழுவேன், அடுத்த நாள் அடுப்பை மூட்டுவேன்.

பேத்திக்கு என் முத்தங்கள். உதயகலாவுக்கு இருமல் விட்டதா, வெந்நீர் குடிக்கச் சொல்லு. மூன்று பேரும் நோய்நொடி இல்லாமல் நல்லாய் இருக்கவேண்டும், அம்மாளாச்சி துணை நிற்பா. பதிலை எனக்கு எழுது, போனில் அப்பாவிடம் சொல்லிவிடாதே. நேற்றுக் கிணற்றடிக்குப் போகும்போது கண்டேன், அவர் தோட்டத்து மூலையில் குந்தியிருந்து நாற்றுமேடைக்கு மண் கொத்திக்கொண்டிருந்தார். உன்னையும் கேட்கவில்லை, என்னையும் கேட்கவில்லை. அவருக்கு உன் பதில் தெரியும் போலிருக்கிறது. எனக்கு அதை நீ சொல்லித்தான் கேட்கவேண்டும்.

இப்படிக்கு,
உன் அம்மா
கமலாவதி தம்பிராசா